மாமாவுக்கு ஒரு டார்கெட்

எங்கள் மாமா திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருந்து ஓய்ந்தவர். தன் அப்பாவுக்கு மூளை மழுங்கிவிடக் கூடாதென்று பெங்களூரிலிருக்கும் கொழுந்தனார் ஒரு டேப்லெட்டில் மூளைப் பயிற்சி விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். திரை நடுவில் ஒரு வண்டியும் ஓரத்தில் ஒரு குறியும் மின்னி மறையும். என்ன வண்டி, எங்கே குறி என்று தொட்டுக் காட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்தது இன்னும் வேகமாக மறையும். தப்பினால் நிதானமாகக் காட்டும். ஆளுக்குத் தக்கபடி மாறுகிற நுட்பமாம்.

"ஏனம்மிணி, நல்லாப் பண்ணுனா வேகத்தைக் கூட்டுது. இது எங்க சூப்பர்வைசராட்ட இல்ல இருக்குது?" என்றார் மாமா.

அவருக்கா தெரியாது! புது ஆர்டர் வந்தால் ஸ்டாப் வாட்ச்சோடு ஒருத்தர் லைனில் வந்து நிற்பார். ஒரு பீஸுக்கு எத்தனை செகண்ட் என்று குறித்து, மணிக்கு இத்தனை என்று டார்கெட் வைப்பார்கள். அவர் நிற்கும்வரை நூல் அறும், ஊசி ஒடியும், டைலருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். அவர் தலை மறைந்ததும் மெஷின் பறக்கும்.

அதே வித்தையை மாமா டேப்லெட்டிடம் காட்டினார். காலையில் வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தொடுவார். பாவம், கிழவர் தளர்ந்துவிட்டார் என்று அது இறங்கி வரும். சாயங்காலம் பேரன் பக்கத்தில் உட்கார்ந்ததும் எல்லாம் சடசடவென்று சரி.

இந்த மாதிரிப் பயிற்சியை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய 'ஆக்டிவ்' ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரைச் சேர்த்து, ஞாபகம், யோசனை, வேகம் என்று தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பத்து வருசத்தில் மறதிநோய் வரும் அபாயம் 29 சதவீதம் குறைவு என்று 2017-ல் எழுதினார்கள். ஆளுக்குத் தக்கபடி மாறியது அந்தப் பயிற்சிதான். அதற்காக விளம்பரத்தையெல்லாம் நம்பிவிட முடியாது. ஏமாற்று விளம்பரம் என்ற புகாரைத் தீர்க்க மூளைப் பயிற்சி விளையாட்டு விற்கும் லூமோசிட்டி கம்பெனி 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

"அப்ப அவனும் பீஸைக் கூட்டித்தான் எழுதியிருக்கான்" என்றார் மாமா, ஒரு மரியாதையோடு.

வண்டியைப் பிடிப்பதில் அவர் மூளை எவ்வளவு கூர்மையானதோ தெரியாது, மெஷினை ஏய்ப்பதில் நன்றாகவே தீட்டியாயிற்று. போன சனிக்கிழமை, கம்பெனிகளில் சம்பளம் போடும் நேரம் பார்த்து, கொழுந்தனாருக்கு வீடியோ கால் போட்டார்.

"லெவலெல்லாம் முடிச்சுட்டு வாரேன் கண்ணு, பீஸ் ரேட்டு பேசவே இல்லையே? ஞாயித்துக்கிழமை ஓட்டுனதுக்கு ஓ.டி. தனி. போனஸைத் தீவாளிக்குப் பேசிக்கலாம்."