ஒழுக்குக்கு உபயகாரர் இல்லை

நான் சிறுவனாக இருந்தபோது கரம்பொனில் எங்கள் வீடுதான் முதியோர் இல்லம். உள்ளே இருந்த முதியவர் அப்பாச்சி, ஊழியர் அம்மா. சம்பளமில்லை, லீவுமில்லை. ஆனால் கட்டடப் பராமரிப்பு ஒரு வருடமும் தவறியதில்லை. மாரிக்கு முன்னம் ஓலை வேய ஆட்கள் வந்துவிடுவார்கள். பொங்கலுக்கு முன்னம் சுவருக்குச் சுண்ணாம்பு. ஒழுகினால் அப்பாவின் கட்டிலிலும் ஒழுகும் என்பதால், கூரை விஷயத்தில் அப்பா வெகு கண்ணாயிருந்தார். அடுப்படிக்கு மட்டும் எப்போதும் மிஞ்சிய ஓலைதான். வளவுக் கிணறு உவர். அப்பாச்சியைக் குளிப்பாட்ட ஒழுங்கைக்கு அங்காலிருந்து அம்மா குடம் குடமாக நல்லதண்ணி சுமந்தார். அவருடைய நாரிப்பிடிப்புக்கு வீட்டில் சொன்ன காரணம் வயசு. அப்போது அவருக்கு முப்பதும் சொச்சமும்.

1913 இல் இந்த ஊரில் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழை உலகமெல்லாம் கொண்டு போனார். போரால் 1990 க்குப் பிறகு நாங்கள் எங்களையே கொண்டு போனோம். கிழடுகள் மிஞ்சின. இப்போது அவர்களுக்கு மாடிக் கட்டடங்கள் உண்டு.

யாழ்ப்பாணப் பக்கம் அப்படி ஒரு இல்லத்துக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போவேன். சுவரெல்லாம் உபயகாரர் பெயர். கனடாவிலிருந்து பிறந்தநாள் விருந்து, லண்டனிலிருந்து திவசச் சாப்பாடு, பின்னால் பதாகை, முன்னால் படம். மேலே பார்த்தால் கூரைத்தட்டு உதிர்கிறது. உவர்த் தண்ணியில் குழைத்த கொங்கிறீற்றில் கம்பி கறள் கட்டும். கறளுக்கு இரும்பை விடக் கூட இடம் வேண்டும். அது சீமெந்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

"மழை வந்தா நாலு கட்டில் இழுக்க வேணும், ஐயா. சில்லும் கறள். ஆக்களோட சேர்த்துத்தான் இழுக்கிறது," என்றாள் இரவு வேலைக்கு நிற்கும் பிள்ளை. குளியலறைக் குழாய் உடைந்து கனநாள். வெளித் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தூக்குகிறாள். தண்ணீர் நிற்கும் வழுக்குத் தரையில் ஒரு கையால் கிழவியையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொள்கிறாள். வேலைக்கு வருகிற பெண்கள் ஏன் நிலைப்பதில்லை என்று நிர்வாகத்துக்கு இன்னும் விளங்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையாம்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இலேயே ஒரு வீட்டின் ஆரோக்கியத்துக்கு ஐந்து கேட்டார்: நல்ல காற்று, நல்ல தண்ணீர், வடிகால், துப்புரவு, வெளிச்சம். விருந்து அந்த ஐந்தில் வராது. இலங்கையில் முதியோர் உரிமைகளைக் காக்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அது 60 வயதானவர்களுக்கு. கட்டில் இழுக்கிறவளுக்கு இன்னும் கனகாலம் கிடக்கிறது.

கூரைத் திருத்தத்துக்குக் காசு தரலாம் என்று நிர்வாகியிடம் சொன்னேன். மனுசன் யோசித்தார். சோறு போட்டால் படம் எடுக்கலாம். ஒழுகாத கூரையை எப்படிப் படம் எடுப்பது?

"செய்யலாம் ஐயா. உங்கட பேர்ப்பலகையை எங்க பூட்டுறதெண்டுதான்..."

வாளியோடு பின்னால் வந்தவள் நிற்காமலே சொன்னாள்: "கூரைக்கு உள்பக்கமாப் பூட்டுங்கோ. படுத்திருக்கிறவை வாசிப்பினம்."