காசு கொடுத்தவன் எங்கே?

கே: ஸ்பானிய மொழிப் படங்களில் வரும் கூலிக் கொலைகாரனுக்கும் நம்மூர்க் கூலிப்படைக்கும் என்ன வித்தியாசம்?
(கல்லூரி மாணவர், கோட்டக்குப்பம்)

ப: அவன் கையில் துப்பாக்கி, இவன் கையில் அரிவாள். வித்தியாசம் அதோடு தீர்ந்தது. இரண்டு பேருக்கும் பைக்தான் வாகனம், மீசை அரும்பும் வயதுதான் தகுதி. 1984 ஏப்ரல் 30 அன்று கொலம்பியாவின் நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனியாவை, பொகோட்டாவில் பைக்கில் வந்த இருவர் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஆள் அனுப்பியது பாப்லோ எஸ்கோபாரின் கும்பல். சுட்டவன் அன்றே செத்தான், ஓட்டிய பையன் மாட்டிக்கொண்டான். அனுப்பிய எஸ்கோபார் 1993 டிசம்பர் வரை உயிரோடு இருந்தார். கணக்கு எப்படி விழுகிறது, பார்த்தீர்களா?

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இது பழைய தொழில். 1923-இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் தொழிற்சங்கத் தலைவர் சல்வதோர் செகியைத் தெருவில் சுட்டுச் சாய்த்ததும் முதலாளிகள் பக்கம் நின்ற கூலித் துப்பாக்கிகள்தான். கொலம்பியாவின் மெதயின் நகரத்துக் கொலைகாரச் சிறுவர்களை வைத்து பெர்னாண்டோ வயெஹோ 1994-இல் ஒரு நாவலே எழுதினார். மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கொல்லப் போகும் பிள்ளைகள்!

கே: மரக்காணம் உப்பு நல்ல உப்பா?
(இல்லத்தரசி, கூனிமேடு)

ப: நல்ல உப்பு. அதை வாருகிறவர்களுக்குக் கிடைக்கும் கூலிதான் நன்றாக இல்லை.

கே: தமிழ்ப் படத்தில் அரிவாளோடு வருகிறவன் ஏன் எப்போதும் மெதுவாக நடக்கிறான்?
(சினிமா ரசிகர், பொம்மையார்பாளையம்)

ப: இந்த ஸ்லோமோஷனை நான் பல வருஷமாகத் திட்டி வருகிறேன், இன்றும் விடப்போவதில்லை. வெட்டப்போகிறவனுக்குப் பின்னணி இசை, வெட்டுப்படுகிறவனுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது! 2008-இல் வந்த ‘சுப்ரமணியபுரம்’ அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. பெரிய வீட்டுக்காகக் கொலை செய்த பையன்கள், ஜாமீன் எடுக்க அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வராமல் சிறையில் காத்துக் கிடப்பார்கள். கூலிப்படையின் முழு வரலாறும் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

கே: முத்தியால்பேட்டையில் வெட்டிவிட்டு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்துக்குள் புகுந்துவிட்டால் புதுவை போலீஸ் தொட முடியாதாமே?
(டீக்கடை நண்பர்கள், சின்ன முதலியார்சாவடி)

ப: யார் சொன்னது? பிரெஞ்சுக்காரர் எல்லை 1954-லேயே போய்விட்டது. இந்தியாவில் எந்த மூலைக்கும் துரத்திப் போய்க் கைது செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. இன்னும் வடக்கே ஓடினால் காலாப்பட்டு வரும். அது மறுபடியும் புதுவை, மத்தியச் சிறை இருப்பதும் அங்கேதான்.

கே: கூலிப்படையை ஒழிக்கவே முடியாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, அனுமந்தை)

ப: முடியும், அம்மா. ஏவியவனைப் பிடித்தால் முடியும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். கேமராவில் எல்லாம் பதிவானது. 2017-இல் ஆறு பேருக்குத் தூக்கு. 2020-இல் உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று சங்கரின் மனைவியின் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வெட்டியது கேமராவில் விழும், பேரம் விழாது. அது நாலு சுவருக்குள் நடக்கிறது, பணம் கைக்குக் கை போகிறது. ஆகவே போன் பேச்சையும் பணம் போன தடத்தையும் முதல் வாரத்திலேயே தோண்ட வேண்டும். 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆவது பிரிவு கூலிக்குக் கொல்வதை அமைப்புசார் குற்றங்களில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. விசாரணை அதிகாரி அரிவாளோடு நின்றுவிட்டால் அந்தப் பிரிவும் ஏட்டோடு நிற்கும்.

கே: கூலிப்படையில் என்ன ரேட்?
(பெயர் எழுதாதவர்)

ப: கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

கே: ரௌடியின் பிறந்தநாளுக்குப் பேனர் வைக்கிறார்களே?
(கடைக்காரர், கோட்டக்குப்பம்)

ப: வைத்தவர்கள் பெயரும் படமும் கீழ்வரிசையில் வரிசையாக இருக்கும். கழற்றுவதற்கு முன்பு போலீஸ் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.