கேள்வியே எழவில்லை

மக்களவையில் காலை 11 மணி, கேள்வி நேரம். நட்சத்திரம் போட்ட கேள்விகள் நாளுக்கு 20. போடாதவை 230 வரை. இத்தனைக்கும் அமைச்சர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் "பால் காசு எங்கே?" என்ற ஒரே கேள்விக்கு நாம் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறோம்.

அச்சிட்ட பதிலின் அழகே தனி. (அ) கடன் சுமை கூடியிருக்கிறதா? (ஆ) ஆமெனில், காரணம் என்ன? நிதியமைச்சகம் (அ)வுக்கு 'இல்லை' என்றால் போதும், (ஆ)வுக்கு நேரே 'கேள்வி எழவில்லை' என்று விழுந்துவிடும். எழுந்து நின்ற உறுப்பினரும் உட்கார்ந்துவிடுகிறார். கேள்வியே எழாதபோது ஆள் மட்டும் நின்று என்ன செய்ய?

வரியிலும் அதே நுட்பம்தான். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பாப்கார்னுக்கு விளக்கவுரை தந்தது. உப்பும் மசாலாவும் தூவி உதிரியாக விற்றால் 5 சதவீதம். பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டினால் அப்போது 12. கேரமலில் புரட்டினால் 18. சர்க்கரை சேர்ந்துவிட்டால் அது மிட்டாயாம். ஆக, கண்ணீர் விட்டபடி சாப்பிடுகிறவருக்கு வரி குறைவு. இதைவிடக் கருணை வேறென்ன?

கடனை நினைத்துக் கலங்குகிறவர்கள் 2025-26 பட்ஜெட்டைப் புரட்டலாம். வருகிற ரூபாயில் 24 பைசா கடன். போகிற ரூபாயில் 20 பைசா வட்டி. வட்டி போக 4 பைசா மிச்சம்!

உற்சாகத்தில் இதே கணக்கை வங்கி மேலாளரிடம் விளக்கி, பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எல்லாம் சரி சார், நீங்க எந்த நாடு?"