விழிஞ்ஞம்: பாண்டியன் முதல் பார்ட்னர் வரை

களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கம் ஒரு சாயாக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சாயாவில் ஆடை படிவதற்குள் டாரஸ் லாரி ஒன்று குலுங்கிக்கொண்டு போகும். கேரளத்து விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டிய வருஷங்களில் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் துண்டு துண்டாக இந்த வழியாகத்தான் கடலுக்குக் குடிபெயர்ந்தன. எல்லைக் கிராமங்களுக்குக் கிடைத்த பங்கு, டம்ளரில் படிந்த தூசி.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. விழிஞ்ஞத்தின் மேல் கண் வைப்பது ஆயிரத்து இருநூறு வருஷப் பழக்கம்.

முதலில் அது ஆய் மன்னர்களின் துறைமுகம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் மதுரையிலிருந்து படையோடு வந்து ஊரை ஒரு வழி பண்ணினார். யானை, குதிரை, கருவூலம் என்று அள்ளிக்கொண்டு போனதைப் பெருமையாகச் செப்பேட்டிலும் வெட்டி வைத்தார். இன்றைய வருவாய்த்துறை இதை 'நிலம் கையகப்படுத்தல்' என்று எழுதும். இழப்பீடு பற்றிச் செப்பேட்டில் ஒரு வரி இல்லை.

அடுத்து ராஜராஜ சோழன். பக்கத்துக் காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தில் 'கலமறுத்தார்' என்கிறது மெய்க்கீர்த்தி. கலம் என்றால் கப்பலா, சோற்றுத் தட்டா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டுகிறார்கள். கப்பல் என்றால் கடற்போர். தட்டு என்றால் சாலையில் படித்த பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைப்பு. மாமன்னர் நடத்தியது படையெடுப்பா, மெஸ் தகராறா என்பது இன்றுவரை தீரவில்லை. விழிஞ்ஞத்துக்கு மட்டும் சோழர் காலத்திலேயே புதுப் பலகை மாட்டியாயிற்று: ராஜேந்திர சோழப் பட்டினம். வலை இழுத்தவர்களிடம் கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் அதுவும் கல்வெட்டில் வந்திருக்குமே.

பிறகு இந்தக் கரையை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. இளவரசராக இருந்தபோது எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் துரத்த, நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் பதுங்கித் தப்பினார் என்பது ஊர்க் கதை. பட்டத்துக்கு வந்தபின் பிள்ளைமாருக்குப் பதுங்கப் பொந்து கிடைக்கவில்லை. 1750 இல் அவர் செய்ததுதான் உச்சம். நாட்டையே பத்மநாபசுவாமி பேருக்கு எழுதிவைத்துவிட்டுத் தான் வெறும் தாசன் என்று அறிவித்தார். சொத்து சாமியுடையது, வரி, வாள், நிர்வாகம் தாசனுடையது. தாசனைக் கேள்வி கேட்டால் தெய்வநிந்தை. இதைவிடக் கெட்டியான ஒப்பந்தத்தை எந்தக் கார்ப்பரேட் வக்கீலும் எழுதியதில்லை.

திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் கட்டும் ஆசை இருந்தது. திருவிதாங்கூரைத் தனி நாடாக்கும் ஆசை அதைவிடப் பெரிது. 1947 ஜூலையில் ஒரு கச்சேரிக்குப் போன இடத்தில் வெட்டு விழ, பெட்டி கட்டினார். துறைமுகக் கோப்பு தூங்கப் போயிற்று. 1956 இல் எல்லைக்கோடு விழுந்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுக்குள் வந்தது, சாவி கேரளாவிடம் நின்றது. பின்னாளில் மலைக்கும் அதே நியாயம்தான்.

கோப்பு கண்விழித்து, இரண்டு மூன்று ஏலம் கவிழ்ந்தபின், 2015 இல் ஒரே ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்தது. அதானி. 7,525 கோடி ரூபாய்த் திட்டம், 40 வருஷ உரிமை. வழக்கமான 30 வருஷத்துக்கு மேல் கொடுத்த 10 வருஷத்தால் மட்டும் நிறுவனத்துக்கு 29,217 கோடி கூடுதல் வருமானம் என்று 2017 இல் தணிக்கைத்துறை கணக்குப் போட்டது. எதிர்க்கட்சியில் இருந்தபோது ஊழல் என்று முழங்கிய இடதுசாரிகள், 2016 இல் நாற்காலிக்கு வந்ததும் ஒப்பந்தத்தை அப்படியே தொடர்ந்தார்கள். ஆயிரம் நாளில் முடிப்போம் என்ற வேலை ஒன்பது வருஷம் இழுத்தது. நடுவில் 2017 ஒக்கி புயல், போட்ட கல்லில் ஒரு பகுதியைக் கடலுக்கே திருப்பி எடுத்துக்கொண்டது. அதே புயலில் இந்தக் கரையின் மீனவர்கள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வலியதுறையில் வீட்டைக் கடல் கொண்டுபோன குடும்பங்கள் வருஷக்கணக்காகச் சிமென்ட் கிடங்கில் கிடந்தன. ஒரு துணி மறைப்புக்கு அந்தப்புறம் ஒரு குடும்பம், இந்தப்புறம் இன்னொன்று. கரை அரிப்புக்குத் துறைமுகம் காரணமில்லை என்றன நிறுவனமும் அரசும். 2022 இல் மீனவர்கள் துறைமுக வாசலை மறித்து நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. துறைமுகம் வேண்டும் என்று மார்க்சிஸ்ட் கட்சிக்காரரும் பாஜககாரரும் ஒரே மேடையில் ஏறினார்கள். சேர, சோழ, பாண்டியரை ஒரே மேடையில் ஏற்ற முடியாத விழிஞ்ஞம் இதைச் சாதித்தது.

2025 மே 2. திறப்பு விழா. கேரளத் துறைமுக அமைச்சர் மேடையில் அதானியை அரசின் 'பார்ட்னர்' என்றார். கம்யூனிஸ்ட் அரசின் அமைச்சர் வாயிலிருந்தே இந்த வார்த்தை வருகிறதே, இதுதான் மாறும் இந்தியா என்று மகிழ்ந்துபோனார் பிரதமர். மாற்றமா? செப்பேட்டைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பலாமரத்தின் அடித்தண்டை நெய்யாற்றின்கரைக் கோயிலில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பாருங்கள். பொந்தில் ஒரு ஆள்தான் கொள்ளும்.