பராக்கு அண்ணாச்சி

தேரிக்காட்டுப் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் பக்கம், ஜன்னலோரத் தூணை ஒட்டி ஒரு பெஞ்சு இருக்கும். எந்தச் சேகரத்துக்குப் போனாலும் அந்தப் பெஞ்சில் ஒருவர் இருப்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. முதல் மணிக்கே வந்துவிடுவார். தசமபாகத்தில் ஒரு ரூபாய் பாக்கி வைக்கமாட்டார். கோயிலுக்காக உயிரைக் கொடு என்றால் கொடுப்பார். கவனத்தைக் கொடு என்றால்தான் கஷ்டம்.

எங்கள் ஊரில் அவருக்குப் பராக்கு அண்ணாச்சி என்று பெயர். விநோதமான சொல் இது. அரசவைக் கட்டியக்காரன் 'பராக், பராக்' என்று கூவினால் கவனி என்று பொருள். அம்மா 'பராக்குப் பாக்காதல' என்று தலையில் தட்டினால் கவனிக்கவில்லை என்று பொருள். அண்ணாச்சிக்கு இரண்டும் பொருந்தும். அவர் கவனிக்காதது எதுவுமே கிடையாது, ஆராதனை நீங்கலாக.

ஐயர் 'ஜெபம் செய்வோம்' என்றதும் சபை முழுவதும் கண்ணை மூடும். அண்ணாச்சியும் மூடுவார், வலது கண்ணை. இடது கண் மெல்ல மேலே போகும். மூன்றாவது மின்விசிறி ஆடுகிறது. அதன் இறக்கையில் அன்பளிப்பு என்று பெயர் எழுதியிருப்பவரின் மகனுக்குப் போன வாரம்தான் கல்யாண ஓலை வாசித்தார்கள். பெண் எந்த ஊர்? பெண் வீட்டார் வந்திருக்கிறார்களா? கண் பெண்கள் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பும் வழியில் ஒட்டடையைப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தில் வந்து உட்காரும். 'ஆமென்' மட்டும் எல்லோருக்கும் முந்தி, ஓங்கி வரும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான் அவருக்கு அடுத்த பெஞ்சு.

சிதறும் மனதைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் சினிமாவையும் கிரிக்கெட்டையும் சாடுவார்கள். அண்ணாச்சி அப்போதெல்லாம் மகா திருப்தியோடு தலையாட்டுவார். அவர் சினிமா பார்த்து முப்பது வருஷம் ஆகிறது. கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. உலகம் அவரைக் கெடுக்கவில்லை. கோயில் காம்பவுண்டுக்கு உள்ளேயே அவருக்கு வேண்டிய அளவு பராக்கு இருக்கிறது. திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி – நாசரேத் 2003இல் பிரிந்ததே, அன்று முதல் எந்த ஐயர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு மாறினார் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சங்கீதத்தில் இருபத்து மூன்றைத் தாண்டினால் புத்தகம் வேண்டும். மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக்கு ஊசிக் கோபுரம் எழுப்பியவர்கள் பார்க்கிறவன் கண்ணும் நினைவும் வானத்துக்குப் போகட்டும் என்றுதான் எழுப்பியிருப்பார்கள். அண்ணாச்சி கண்ணும் உச்சி வரை போகும். இடிதாங்கிக் கம்பி நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கும்.

ஒரு பெருமை அவருக்கு உண்டு. கோயிலில் தூங்கியதே இல்லை. "ஐத்திகு மாதிரி நான் தூங்கி விழுந்ததா சொல்லச் சொல்லுங்க தம்பி, பாப்போம்" என்பார். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது மூன்றாம் மெத்தை ஜன்னலிலிருந்து தூங்கி விழுந்த வாலிபன்தான் ஐத்திகு. விழுந்து செத்தவனை எழுப்பிவிட்டு, பவுல் மறுபடி உட்கார்ந்து விடியும் வரை பேசினார். அந்தப் பின்பாதியைப் பேச்சாளர்கள் மட்டும் மறப்பதே இல்லை.

இந்த வருஷம் சாம்பல் புதன் அன்று அண்ணாச்சி ஒரு தீர்மானம் எடுத்தார். லெந்து நாற்பது நாளும் கறி கிடையாது, கோயிலுக்குள் போன் கிடையாது. போனில்தான் அவருடைய வேதாகமம் இருந்தது. ஆகாய் புத்தகத்தைத் தேடிப் புறப்பட்டவர் சம்பந்தியின் ஸ்டேட்டஸில் போய் இறங்கிவிடுவார். அங்கிருந்து ஒரு வளைகாப்பு, ஒரு இரங்கல், ஒரு நிலம் விற்பனைக்கு. ஐயர் ஆகாயை முடித்துச் சகரியாவுக்குப் போயிருப்பார். ஆகவே போனை மதினியின் கைப்பையில் போட்டுவிட்டு அச்சடித்த வேதாகமத்தோடு வந்தார். முதல் ஞாயிறே, பாவ அறிக்கை நேரத்தில் பெண்கள் பக்கமிருந்து அவருடைய ரிங்டோன் கிளம்பியது. ஊருக்கே தெரிந்த ரிங்டோன். மதினி பையைத் திறப்பதற்குள் ஆண்கள் அத்தனை பேரும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சியோ, யாரோ ஒருவர் போனைக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்து உச்சுக் கொட்டினார்.

ஆனாலும் அண்ணாச்சியை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய வெள்ளிக்கிழமைதான் வரவேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேச்சாளர்கள். பெரு நாட்டு லீமா நகரத்தில் இயேசு சபைக் குரு ஒருவர் தொடங்கிய வழக்கம் கடல் தாண்டி எங்கள் பனங்காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்பெயினில் இதே தியானத்துக்கு இசை எழுதிக்கொடுத்த ஹைடன், பத்துப் பத்து நிமிஷமாக ஏழு மெதுவான பகுதிகளைக் கேட்கிறவர்களுக்கு அலுக்காமல் எழுதுவது லேசான காரியமில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அலுப்பைப் பற்றி எங்கள் பேச்சாளர்கள் யாரும் கவலைப்பட்டதில்லை. முதல் வார்த்தைக்காரர் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்வார். ஏழாம் வார்த்தைக்காரர் ஏழு நிமிஷத்தில் ஆவியை ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

எகிப்துப் பாலைவனத்தில் 4ஆம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் என்றொரு துறவி இருந்தார். மத்தியானப் பிசாசு என்று ஒன்றைப் பற்றி அவர் எழுதி வைத்திருப்பதைப் படித்தபோது அண்ணாச்சியை எங்கே பார்த்தார் என்று திடுக்கிட்டேன். அந்தப் பிசாசு பிடித்தால் சூரியன் நகராது. பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். துறவி ஜன்னல் வழியாக எட்டி எட்டி, ஒன்பதாம் மணி ஆக இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். சக துறவி யாராவது வருகிறாரா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். ஒன்பதாம் மணி என்பது நம்முடைய பிற்பகல் மூன்று. அதுதான் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். எங்களுக்கும் மூன்று மணிக்குத்தான் கஞ்சி.

போன பெரிய வெள்ளியன்று முதல் வார்த்தையில் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேவலை எடுத்துவிட்டு இன்னும் பணம் கட்டாத மேலத்தெரு மச்சான் உடனே அண்ணாச்சி நினைவுக்கு வந்துவிட்டார். முன்பக்கம் சாய்ந்து, "வந்திருக்காவளா?" என்று கேட்டார். கள்ளனுக்குப் பரதீசு கிடைத்த இரண்டாம் வார்த்தை தொடங்கியதும் வாசலில் கழற்றிப் போட்ட புதுச் செருப்பு ஞாபகம் வந்து, எழுந்து போய் அதை ஜன்னலுக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். பிறகு சிலுவையில் தொங்கும் மகன் தாயைச் சீடனிடம் ஒப்படைக்கிற இடம். ஊரே மூக்கை உறிஞ்சியது. அண்ணாச்சி பெண்கள் பக்கம் பார்த்து, எந்தத் தாயின் மகன் சென்னையிலிருந்து வரவில்லை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய மனம் தலைப்பை விட்டு ஓடவே இல்லை. தலைப்பைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடியது.

ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. மணி இரண்டு. வெளியே தேரி மணல் கொதித்தது. பேச வந்தவர் வெளியூர் வயதானவர். பிரசங்க பீடத்தில் ஏறிப் பத்து நிமிஷத்தில் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நாக்கால் உதட்டைத் தடவினார், கையால் தொண்டையைத் தொட்டார். தண்ணீர் வைக்க மறந்துபோயிருந்தார்கள். கண்ணை மூடி அந்தத் தாகத்தைத் தியானித்துக்கொண்டிருந்த சபையில் ஒருவரும் இதைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி பார்த்தார். விருட்டென்று எழுந்து பக்கவாசல் வழியாகப் போனார். எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை வருஷமாக இவரைப் பார்த்துச் சிரித்தேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

தண்ணீர்ப் பானைக்குப் போகிற வழியில் மோட்டார் ரூம் இருக்கிறது. உள்ளே ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. அதைச் சரிசெய்தாரா. பக்கத்திலேயே கஞ்சி அடுப்பு. உப்புப் பார்த்தாரா. துவையலுக்குத் தேங்காய் போதாது என்று யாரோ சொல்ல, பையன் ஒருவனை சைக்கிளில் அனுப்பினாரா. செருப்பையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாரா. இடையில் ஆறாம் வார்த்தையும் முடிந்துபோயிற்று. மூன்றுக்கு ஏழு நிமிஷம் இருக்கையில் செம்பு நிறையத் தண்ணீரோடு, நுனிக்காலில் நடந்து, பயபக்தியாக அதைப் பிரசங்க பீடத்தில் வைத்தார். ஏழாம் வார்த்தைக்காரர் அப்போதுதான் ஏறியிருந்தார். நன்றியோடு பார்த்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

ஒன்பதாம் மணி அடித்தது. கஞ்சி வரிசையில் ஐந்தாம் வார்த்தைப் பெரியவர் பனையோலைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் அண்ணாச்சிதான். பெரியவர் "கொஞ்சம் போதும்" என்றார். குரல் வெளியே வரவில்லை. அண்ணாச்சி அகப்பையை நிறுத்திவிட்டு, உண்மையான கவலையோடு கேட்டார்.

"என்னய்யா, தொண்டை இப்படிக் கட்டிப்போச்சு? நம்ம மைக்குல கோளாறு ஒண்ணும் இல்லியே?"