ஐ, மீ: பிழைக்க ஒரு வழிகாட்டி

இங்கிலீஷில் எங்கே 'ஐ', எங்கே 'மீ' என்று முழிக்கும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இது. முதலில் பயத்தை விடுங்கள். இந்த மண்ணுக்கு லண்டன் மிஷனைக் கொண்டுவந்து, 1809-ல் மயிலாடியில் பள்ளிக்கூடம் தொடங்கிய ரிங்கல்தௌபே ஜெர்மன்காரர். அவருக்கே இங்கிலீஷ் படித்துக்கொண்ட பாஷைதான்.

நம் சங்கடம் வேறு. தமிழில் 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு. செயப்படுபொருளின் வாலில் ஒட்டிக் கிடக்கும். இங்கிலீஷில் அதே 'ஐ' எழுவாய். கல்யாண வீட்டுத் தாய்மாமன் மாதிரி முன்வரிசையில், அதுவும் பெரிய எழுத்தில், உட்கார்ந்திருக்கும். தமிழையாவும் இங்கிலீஷ் சாரும் அடுத்தடுத்த பீரியடில் வந்ததுதான் என் மார்க் குறையக் காரணம் என்று இன்றும் வாதாடுவேன்.

இனி உபாயம். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான்' வந்தால் ஐ. 'என்னை', 'என்னோடு' வந்தால் மீ. 'அவன்' ஹி, 'அவனை' ஹிம். 'யார்' ஹூ, 'யாரை' ஹூம். பெருமூச்சு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தோ என்னவோ, பேச்சில் வெள்ளைக்காரனே அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டான். யூவும் இட்டும் எங்கே போட்டாலும் மாறாது, புண்ணியவான்கள்.

கூட ஒருத்தன் சேர்ந்தால்தான் வினை. 'சார் மணியையும் என்னையும் அடித்தார்' என்பதை 'சார் பீட் மணி அண்ட் ஐ' என்று எழுதினால் கௌரவமாகத் தோன்றும். மணியைக் கொஞ்சம் வெளியே நிறுத்துங்கள். 'சார் பீட் ஐ.' காது கூசுகிறதா? மீ போடுங்கள், மணியை உள்ளே கூப்பிடுங்கள்.

'எனக்கு' வந்தால் உபாயம் சறுக்கும். 'எனக்கு ஒரு சாயா தா' என்றால் மீ. 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' என்றால் ஐ. பசியும் அறிவும் தமிழனுக்குத் தானாக வந்து சேருபவை; அவன் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்பான். இங்கிலீஷ்காரன் பசியைக்கூட முன்னின்று நடத்துவான். போதாக்குறைக்கு நம்மூர் 'எனக்க'. 'எனக்க சைக்கிள்' என்றால் மை. ஆரல்வாய்மொழி தாண்டினால் அது செல்லுபடியாகாது என்பது தனிக் கதை.

ஒன்றும் ஓடவில்லையென்றால் மனு நடைக்குப் போய்விடுங்கள். 'தி அண்டர்சைண்ட்' என்று ஒரு சொல் உண்டு: கீழே கையெழுத்திட்டவர். எழுவாயில் வைத்தாலும் செயப்படுபொருளில் வைத்தாலும் முகம் மாறாது.

இந்தச் சொல் தெரியாத வயதில், சுசீந்திரம் தேருக்கு மறுநாள் நானே ஒரு லீவ் லெட்டர் எழுதினேன். 'எனக்குக் காய்ச்சல்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'எனக்கு' வந்ததால் மீ போட்டேன்: 'ஃபீவர் இஸ் சஃபரிங் ஃப்ரம் மீ.' வேற்றுமையில் ஒரு பிழையும் கிடையாது. அடுத்த நாள் சார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்:

"லே மக்கா, காய்ச்சலுக்கு இப்ப எப்பிடி இருக்கு?"