குறைப்பு

கலைக்கென்றே அமைந்த பாகம் என் உடம்பில் ஒன்று உண்டென்றால் அது தொப்பைதான். கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் வாசித்தால் நாதம் கும்மென்று குழையும். அறுபதில் ஓய்வுபெற்ற மறுமாதமே மானாமதுரைக் கடம் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "தண்ணிப் பானைன்னா பிரயோஜனமாவது இருந்திருக்கும்" என்றாள் மனைவி. கனத்தைத் தூக்கிப் பார்த்த பிறகு அதையும் சொல்லவில்லை.

விக்கு விநாயகராம் கடத்தைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பதைப் பார்த்து வந்த ஆசை இது. அவர் வாசித்த 'பிளானெட் டிரம்' கிராமி விருதே வாங்கியது. நான் ஒரே தரம் தூக்கிப்போட்டேன். சோபாவில் விழுந்ததால் கடம் பிழைத்தது. சாதகம் தொடங்கிய மூன்றாம் வாரம் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்தி, "டைல்ஸ் வேலை எப்ப சார் முடியும்?" என்று கேட்டார்.

இப்படி இருந்த என்னை மார்கழி வந்து கெடுத்தது. சீசனில் கடம் வாசிப்பவர்கள் மதியம் ஒரு சபா, சாயங்காலம் ஒரு சபா என்று பறப்பார்கள். மாம்பலத்தில் ஒரு சின்ன சபாவின் பன்னிரண்டு மணிக் கச்சேரிக்கு வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். காரியதரிசி யார் யாரையோ விசாரித்து எனக்குப் போன் செய்தார்.

"என்ன சுருதி கடம் இருக்கு?"

தேர்ந்த வித்வான்கள் சுருதிக்கு ஒன்றாக வீடு நிறையக் கடம் வைத்திருப்பார்கள். என்னிடம் ஒன்றே ஒன்று. "ஒரு கட்டை" என்றேன்.

"பாடறவரும் ஒரு கட்டை. உடனே கிளம்புங்க!"

எப்படி வாசிப்பேன் என்று அவர் கேட்கவே இல்லை. அழைக்கப்பட்டது கடம், கூடப் போனது நான்.

இலவசக் கச்சேரி. முப்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் கேன்டீன் திறக்கக் காத்திருந்தவர்கள். கல்யாணியில் பிரதான உருப்படி, ஆதி தாளம். அதுவரை மிருதங்கத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டு சமாளித்துவிட்டேன். தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்று ஒன்று வரும். மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம் வாசித்தால் கடமும் இரண்டு. பிறகு ஒன்று, அரை, கால் என்று குறைந்துகொண்டே போகும். அரைக்கு வரும்போது எனக்குத் தாளம் தப்பிவிட்டது. முன்வரிசைப் பெரியவர் தொடையில் தட்டுவதைப் பார்த்துத் தொற்றிக்கொள்ளலாமென்று பார்த்தேன். அவர் அடித்துக்கொண்டிருந்தது கொசுவை.

கை அந்தரத்தில் நின்றது. என் முறை முழுக்க மௌனம். பயத்தில் விரல் தவறி ஒரே ஒரு 'தோம்' விழுந்தது. அது சமத்தில் விழுந்தது தெய்வச் செயல். இருபது வயதிருக்கும் அந்த மிருதங்கப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். தன் முறையில் அவனும் பாதியை விட்டுவிட்டுக் கடைசியில் ஒரு தோம் போட்டான். சபை கைதட்டியது. குறைப்பில் அவ்வளவு தூரம் குறைத்தவர்கள் யாரும் இல்லையோ என்னவோ.

கேன்டீனில் ரவா தோசையும் கையுமாக ஒருவர் வழிமறித்தார். "எல்லாரும் கொட்டித் தீர்க்கறா. நீங்க விட்டேள் பாருங்கோ, அந்தக் கார்வை! யார்கிட்ட பாடம்?"

"எல்லாம் குருவருள்" என்றேன். குருவிடம் கற்றது பதினொரு வகுப்பு. பன்னிரண்டாவதற்கு அவர் இன்னும் போனை எடுக்கவில்லை.

வாரத்துக்குள் மூன்று சபாக்களிலிருந்து அழைப்பு. ஒன்றில் 'தனியில் மௌனம்' பற்றி லெக்-டெம் செய்யச் சொன்னார்கள். வேண்டுமென்றே விட்டுப் பழகிப் பார்த்தேன். தாளம் தெரிந்து விட்டால் அந்த மௌனம் வரவில்லை. உண்மையாகவே தொலைந்துபோனால்தான் வருகிறது. அதற்கு ஏது சாதகம்?

நேற்று அந்தப் பையன் பேசினான். "சார், அன்னிக்கு விட்டீங்களே, அந்தக் கணக்கைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?" கேலியா பக்தியா, குரலில் பிடிபடவில்லை.

மறுக்கவும் வாய் வரவில்லை. காகிதத்தை எடுத்து, கார்வைக்கு ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போய்க் கடைசியில் 'தோம்' என்று எழுதினேன். காபி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு வாசல்ல போடவா? எத்தனை புள்ளி, எத்தனை வரிசை?"